என்னைக் காட்டிக் கொடுத்த மச்சானுக்கு

என் பிரியமுள்ள ஷாகுல் மச்சான்,

உன் ஸ்கூட்டர் நன்றாக இருக்கிறது. முதலில் அதைத்தான் கேட்பாய் என்று தெரியும். உன் மூத்தவன் யூசுப்புக்கு மயிலாடுதுறையில் வேலை கிடைத்திருக்கிறது. தினமும் காலையில் பரங்கிப்பேட்டையிலிருந்து உன் வண்டியில் சிதம்பரம் வந்து, ஸ்டேஷன் பக்கத்தில் நான் நடத்துகிற டூவீலர் ஸ்டாண்டில் விட்டுவிட்டு ரயில் ஏறுகிறான். "மாமா, வண்டி வெச்சிருக்கேன், பாத்துக்குங்க" என்று கத்திக்கொண்டே ஓடுவான். டோக்கன் கேட்கமாட்டான், நானும் கொடுக்கமாட்டேன். வெயில் ஏறியதும் வண்டியைத் தகரக் கூரைக்குக் கீழே தள்ளி வைக்கிறேன். சீட்டைத் துடைக்கிறேன். வேறு யார் வண்டிக்கும் நான் இதைச் செய்வதில்லை. என் வீட்டுக்காரி சுமதி பார்த்தால் கிண்டல் பண்ணுவாள்.

நீ போய் பத்து மாதம் ஆகிவிட்டது.

இதை ஏன் ஊர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன் என்று சுமதி கேட்டாள். "அண்ணன்கிட்ட பேசணும்னா கண்ணை மூடிப் பேசிக்குங்களேன், பத்திரிகைக்கு எதுக்கு?" என்றாள். நமக்குள் நடந்ததை நமக்குள்ளேயே வைத்துக்கொண்டோமே, அதனால் என்ன நல்லது நடந்தது மச்சான்? நாம் இரண்டு பேரும் பட்டாளத்தில் ஒரே யூனிட்டில் இருந்தவர்கள் என்பது ஊருக்குத் தெரியும். நடுவில் ஆறு வருஷம் நாம் பேசிக்கொள்ளவில்லை என்பது கொஞ்சம் பேருக்குத் தெரியும். ஏன் என்பது யாருக்கும் தெரியாது. இப்போது தெரியட்டும்.

நீ என்னோடு பேசிய முதல் வார்த்தை ஞாபகம் இருக்கிறதா? யூனிட்டுக்கு வந்த முதல் வாரம், சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு "தமிழா?" என்றாய். ஆமாம், காட்டுமன்னார்கோயில் பக்கம் என்றேன். "அட, வீராணம் தண்ணி குடிச்ச ஆளு! நான் பரங்கிப்பேட்டை, உப்புத்தண்ணி" என்று என் தட்டிலிருந்த வெங்காயத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாய். அன்றைக்கே மச்சான் ஆகிவிட்டோம்.

உங்கள் வீட்டில் எல்லோரும் வெளிநாடு. உன் வாப்பா சிங்கப்பூரில் இருந்தவர், காக்காமார், உன் அண்ணன்கள், இரண்டு பேரும் துபாய். "எங்க குடும்பமே சூட்டுக்குப் போச்சு. நான் ஒருத்தன்தான் ஃப்ரிட்ஜுக்குள்ள வந்து உக்காந்திருக்கேன்" என்பாய். பனிமலை போஸ்டுக்கு நம்மை அனுப்பியபோதும் அதைச் சொல்லித்தான் எல்லோரையும் சிரிக்க வைத்தாய். இந்தி தெரிந்தவனுக்கு இந்தியிலும் சொன்னாய். அவர்களுக்கு அது அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. நீ விடவில்லை, விளக்கம் வேறு கொடுத்தாய்.

அந்த போஸ்டைப் பற்றி என்ன சொல்வது. எட்டுப் பேர். ஒரே குடில். நடுவில் மண்ணெண்ணெய் அடுப்பு. அதன் கரி நம் மூக்கிலும் எச்சிலிலும் இருந்தது. நான்கடி நடந்தால் மூச்சு வாங்கும். வெளியே வந்தால் வெள்ளை, எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை. ஒரு மரம் கிடையாது, காக்கா கிடையாது, ஒரு சத்தம் கிடையாது. காற்று அடித்தால் மட்டும் காது கிழியும். "மரக்காணம் உப்பளத்துல உக்காந்திருக்கோம்னு நெனச்சுக்க மச்சான்" என்றாய். கொஞ்ச நாள் அப்படி நினைத்துப் பார்த்தேன். உப்பளத்திலாவது அந்தப் பக்கம் ரோட்டில் பஸ் போகும்.

ஊரில் இருப்பவர்கள் எதிரியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எதிரியை நாம் எங்கே பார்த்தோம்? அதே ஏழு முகங்களைத்தான் பார்த்தோம். யார் எப்படி இருமுவான், யார் எந்தக் கதையை எந்த இடத்தில் நிறுத்துவான் என்று எல்லாம் தெரிந்துபோனது. ஒரு ஸ்பூனுக்காக இரண்டு பேர் பதினைந்து நாள் பேசாமல் இருந்தார்களே. ஒரே குடிலில், முழங்கால் இடித்துக்கொண்டு. நீதான் அந்த ஸ்பூனை எடுத்துப் பனியில் வீசிவிட்டு, "இனிமே கையால தின்னுங்கடா" என்றாய்.

எனக்கு என்ன ஆனது என்று இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார்: வீட்டில் சாவா? மனைவியோடு சண்டையா? நிலத் தகராறா? ஒன்றும் இல்லை மச்சான். அதுதான் எனக்கே அவமானமாக இருந்தது. சொல்லிக்கொள்ள ஒரு காரணம்கூட இல்லாமல் ஒருத்தன் கெட்டுப்போவானா? தூக்கம் போனது. அப்புறம் பசி போனது. அப்புறம் என் மகள் கயல்விழியின் முகம் போனது. கண்ணை மூடினால் அவள் கவுன் தெரியும், ரிப்பன் தெரியும், முகம் இருக்கிற இடம் வெள்ளையாக இருக்கும். அதை யாரிடம் சொல்வது?

வாரம் ஒரு தடவை, ஆளுக்கு ஐந்து நிமிஷம் சாட்டிலைட் போன் கிடைக்கும். ஆறாவது நிமிஷத்துக்காக நாம் எல்லோரும் நாய் மாதிரி சண்டை போடுவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மூன்று நிமிஷம் பேசிவிட்டு, போனை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. வாங்கியவன் சந்தோஷமாக வாங்கிக்கொண்டான். நீ மட்டும் அடுப்புப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாய்.

"என்ன மச்சான், ரெண்டு நிமிஷம் பாக்கி இருக்கே?"

"பேச ஒண்ணும் இல்ல."

"பொண்டாட்டிகிட்ட பேச ஒண்ணும் இல்லன்னாலும் ஃபோனை வெக்க மாட்டானுங்கடா எவனும்."

அதற்கப்புறம் நீ என்னை விடவே இல்லை. என் காவல் நேரத்தில் உனக்கு வேலையே இல்லாதபோதும் வந்து பக்கத்தில் நின்றாய். உன் உம்மா கொடுத்துவிட்ட புளியை எங்கிருந்தோ எடுத்து, டின் மீனில் குழம்பு வைத்தாய். மண்ணெண்ணெய் வாடை அடித்தது. "எங்க ஊரு குழம்பு இப்படித்தான் இருக்கும், படகு இன்ஜின் பக்கத்துல வெச்சா" என்றாய். நான் இரண்டு வாய் சாப்பிட்டேன். அந்த இரண்டு வாய்க்கு நீ பட்ட சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. அன்பாக இருக்கிறவனைப் பார்த்தால் அப்போது எனக்கு அப்படித்தான் இருந்தது.

அப்புறம் அந்த மத்தியானம். காவலில் நின்றுகொண்டிருந்தேன். நீ பக்கத்தில் இருந்தாய். உன்னிடம் ஒன்று சொன்னேன். அதை இங்கே எழுதமாட்டேன். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இனிமேல் கீழே இறங்கிப் போக எனக்கு விருப்பம் இல்லை என்கிற பொருள் வருகிற மாதிரி ஒன்று. சொல்லிவிட்டு, "யாருகிட்டயும் சொல்லக் கூடாது மச்சான், உம்மா மேல சத்தியம்" என்றேன்.

நீ தலையை ஆட்டினாய். கொஞ்ச நேரம் கழித்து, ரொம்பச் சாதாரணமாக, "துப்பாக்கிய குடு, பனி ஏறியிருக்கு, தொடச்சுத் தரேன்" என்றாய். கொடுத்துவிட்டேன். நீ அதை எடுத்துக்கொண்டு நேராக, சரிவுக்குக் கீழே தனிக் கூடாரத்தில் இருந்த கேப்டனிடம் போனாய்.

நம் இரண்டு பேரையும்விட வயதில் சின்னவர் அந்தக் கேப்டன். கத்தவில்லை. என்னை உட்கார வைத்து டீ கொடுத்தார். வானிலை திறந்ததும் ஹெலிகாப்டர் வந்தது. அதுவரை ஒரு நிமிஷம்கூட என்னைத் தனியாக விடவில்லை நீங்கள். ஏறும்போது நீ என் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாய். நான் பையைப் பிடுங்கிக்கொண்டேன். "துரோகி" என்றேன். காற்றாடிச் சத்தத்தில் உனக்குக் கேட்டதோ என்னவோ. அதை ஒரு நாளும் உன்னிடம் கேட்கவில்லை. கேட்டதா மச்சான்?

ராணுவ ஆஸ்பத்திரியில் மூன்று மாதம். நல்ல டாக்டர்கள், நல்ல நர்ஸுகள். குறை சொல்ல மாட்டேன். மெதுவாகத் தூக்கம் வந்தது. ஒரு நாள் காலையில் இட்லிக்குச் சட்னி போதவில்லை என்று சமையல்காரனிடம் சண்டை போட்டேன். டாக்டர் அதைக் கேட்டு, "குட், வெரி குட்" என்று எழுதிக்கொண்டார். ஆனால் என் மெடிக்கல் கேட்டகரியை, உடல்தகுதித் தரத்தை, குறைத்துவிட்டார்கள். கூட இருந்தவர்களுக்குத் தோளில் அடுத்த பட்டை ஏற, நான் ஸ்டோரில் சாமான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் உன்னைத்தான் திட்டினேன். நீ எழுதிய கடிதங்களைப் பிரிக்கவே இல்லை. அவை எங்கே போயின என்றுகூட இன்று தெரியவில்லை. அதற்காக நான் படுகிற வேதனை உனக்குத் தெரிந்தால் சிரிப்பாய், "அதுல ஒண்ணும் இல்லடா, சாப்பிட்டியான்னுதான் எழுதியிருப்பேன்" என்பாய்.

வீட்டில் என்ன சொல்வது? சிறுநீரகத்தில் கல், அதனால்தான் ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், சுமதி பிடித்துக்கொண்டாள். லீவுக்கு வந்தால் தினமும் காலையில் வெறும் வயிற்றில் வாழைத்தண்டு ஜூஸ். பென்ஷனில் வந்து சிதம்பரத்தில் வீடு எடுத்த பிறகு வாரத்தில் மூன்று நாள். மார்க்கெட்டில் வாழைத்தண்டு விற்கிற அம்மா, "உங்க வீட்டுக்காரருக்கு இன்னுமா கல்லு கரையல?" என்று அவளிடம் விசாரிக்கிற அளவுக்குப் போனது. இல்லாத கல்லுக்கு ஆறு வருஷம் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன்.

அதற்குள் நீயும் பென்ஷனில் ஊருக்கு வந்துவிட்டாய். பரங்கிப்பேட்டைக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம்? பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடக்கூட முடியாது. கடலூரில் ராணுவ கேன்டீன் வரிசையில் ஒரு நாள் உன்னைப் பார்த்தேன். நீ கையைத் தூக்கினாய். நான் வரிசையை விட்டுவிட்டு வெளியே வந்து, எதுவும் வாங்காமல் பஸ் ஏறிவிட்டேன். சுமதி சொன்ன சாமான் ஒன்றுகூட வரவில்லை என்று அன்றைக்கு வீட்டில் எனக்கு அர்ச்சனை.

அடுத்த வாரமே நீ வீடு தேடி வந்தாய். நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குள் நுழைகிறேன், ஹாலில் நீ உட்கார்ந்திருக்கிறாய். கையில் மோர் டம்ளர். சுமதி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "பாருங்க, உங்ககூட இருந்தவராமே, ஒரு நாளாச்சும் சொன்னீங்களா? அண்ணன் நண்டு கொண்டாந்திருக்காரு" என்கிறாள். அதற்குள் நீ அவளுக்கு அண்ணன் ஆகிவிட்டாய்.

வெளியே போடா என்று கத்த வாய் வந்தது. கத்த முடியாது. கத்தினால் கல் கதை போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் உன் ஒயர் கூடை சாய்ந்தது. கால் கட்டு அவிழ்ந்திருந்த மூன்று நண்டு வெளியே வந்து, ஒன்று ஃப்ரிட்ஜுக்கு அடியில், ஒன்று பூஜை அலமாரிப் பக்கம், ஒன்று நேராக என் காலைப் பார்த்து. சுமதி கட்டில்மேல் ஏறிவிட்டாள். "மச்சான், அந்தப் பக்கம், அந்தப் பக்கம்! கொடுக்குல கைய வெக்காத!" என்று நீ கத்துகிறாய். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறேன். இரண்டு பட்டாளத்துக்காரர்கள் ஒரு நண்டைப் பிடிக்க ஃப்ரிட்ஜ் முன்னால் குப்புறப் படுத்துக்கிடந்தோம். தரையில் உன் முகமும் என் முகமும் ஒரு முழ தூரத்தில்.

அப்போதுதான் எனக்கு உடைந்தது.

"ஏண்டா சொன்ன?" என்றேன். "உன்ன நம்பித்தானேடா சொன்னேன். உம்மா மேல சத்தியம் பண்ணிட்டு நேரா போய்ச் சொன்னியே. என் வாழ்க்கையே போச்சு தெரியுமா?"

"நான் எங்க சத்தியம் பண்ணேன்? தலையத்தான ஆட்டினேன்" என்றாய் நீ, தரையில் படுத்தபடியே. அப்புறம் குரல் மாறியது. "சொல்லாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும் மச்சான்? நான் இன்னைக்கு இந்த வீட்டுக்கு வந்து தங்கச்சிகிட்ட என்ன பேசிட்டு இருப்பேன்? கோவமா? படு. ஆயுசுக்கும் கோவப்படு. நீ இருந்து கோவப்படணும், அவ்ளோதான் எனக்கு."

கட்டில்மேல் நின்றிருந்த சுமதிக்கு எல்லாம் கேட்டது. மெதுவாக இறங்கி வந்தாள். என்ன விஷயம் என்று கேட்டாள். நீ என்னைப் பார்த்தாய், சொல்லட்டுமா என்று. நானே சொன்னேன். முதல் தடவையாக, என் வாயால், முழுதாக. எவ்வளவு நேரம் சொன்னேன் என்று தெரியாது. அந்த மூன்றாவது நண்டு கொல்லைப்பக்கம் வழியாகப் போயே போய்விட்டது.

அழுவாள் என்று நினைத்தேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அப்ப கல்லு?" என்றாள்.

"கல்லு இல்ல."

"ஆறு வருஷமா வாழைத்தண்டு அரிஞ்சு அரிஞ்சு என் விரலெல்லாம் கறையாயிருக்கு. கல்லு இல்லையா?"

நீ சிரித்துவிட்டாய். அதைப் பார்த்து நான் சிரித்தேன். அப்புறம்தான் அவள் அழுதாள். "எங்கிட்ட சொல்லியிருந்தா நான் என்ன உங்கள விட்டுட்டா போயிருப்பேன்?" என்று என் முதுகில் ரெண்டு போட்டாள். உன்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். நீ எழுந்து போய் அடுப்படியில் மசாலா எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தாய். கண்ணைத் துடைக்கத்தான் போனாய் என்று எனக்குத் தெரியும்.

அதற்கப்புறம் ஐந்து வருஷம் கிடைத்தது நமக்கு. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் உன் வீட்டில் சாப்பாடு என்று வழக்கமாகிவிட்டது. கயல்விழி உன்னை மாமா என்று சுற்றிச் சுற்றி வந்தாள். அவளுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்து, உப்பனாற்றுப் பாலத்துப் பக்கம் புதரில் விட்டது நீதான், நான் இல்லை என்பதை இப்போதாவது சுமதிக்குத் தெரிவித்துவிடுகிறேன்.

போன ஐப்பசி மழையில் நீ போனாய். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள். உன் ஜனாஸாவை நானும் தோள் கொடுத்துத் தூக்கினேன். மையவாடியில் மூன்று கை மண் போட்டேன். ஈர மண். உன் காக்கா துபாயிலிருந்து வந்து சேர மறுநாள் ஆகிவிட்டது. அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நீங்கதான் அந்த ராஜவேலா?" என்றார். நீ என்னவெல்லாம் சொல்லியிருந்தாய் அவரிடம்?

உன் மனைவி பரீதா தங்கச்சி அந்நிய ஆண்களைப் பார்க்காமல் இருக்கிற இத்தா முடிகிறவரை, அந்த நான்கு மாதத்துக்கு மேல், நான் உன் வீட்டுக்குள் வரவில்லை. சுமதி மட்டும் போய் வந்தாள். முடிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் போனோம். சாப்பிட உட்கார்ந்தோம். பரீதா தட்டு எடுத்து வைத்தாள். வைத்துக்கொண்டே நின்றாள். அப்புறம் உட்கார்ந்து அழுதாள்.

"அண்ணே, அவரு எப்பவும் எட்டுத் தட்டு எடுத்து வெப்பாரு, பாத்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறேன். வருகிறவர்களுக்குச் சேர்த்து வைக்கிறாய், உன் கை தாராளம் என்று நினைத்திருக்கிறேன். அதில் ஒரு தட்டின் முன்னால் உட்கார்ந்து எத்தனை வெள்ளிக்கிழமை தின்றிருக்கிறேன்.

"நீங்க வராத நாளும் எட்டுதான் அண்ணே. வீட்டுல நாங்க அஞ்சு பேரு. தட்ட வெச்சுட்டு தலைய எண்ணுவாரு. அஞ்சுதான் இருக்கும். மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும். எழுந்து வாசல்ல போய் நிப்பாரு. 'யாரத் தேடுறீங்க'ன்னா ஒண்ணும் இல்லம்பாரு. ஐஸ்கட்டி வீட்டுல வெக்க வுடமாட்டாரு. டாக்டர்கிட்ட போலாம்னு எத்தன தடவ சொன்னேன். 'அதெல்லாம் ராஜவேலுக்குத்தான், எனக்கென்ன'ன்னு சிரிப்பாரு."

மச்சான், குடிலில் நாம் எட்டுப் பேர். நான் கீழே இறங்கிய பிறகும் நீ அங்கே இரண்டு மாதம் இருந்தாய். அந்த இரண்டு மாதத்தைப் பற்றி ஒரு நாளாவது நான் உன்னைக் கேட்டேனா? ஐந்து வருஷம் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகச் சாப்பிட்டேன். என் கதையைச் சொன்னேன். என் தூக்கம், என் மாத்திரை, என் கோபம். நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. நீ சிரிக்கிறவன், உனக்கென்ன என்று நானும்தான் நினைத்துவிட்டேன். எனக்காகப் போய்ச் சொன்னவன் நீ. உனக்காக யார் போய்ச் சொல்வார்கள் என்று நினைத்தாய்?

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது சுமதி என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும், "அண்ணனுக்கு ஏதாவது செய்யணும்" என்றாள். அவ்வளவுதான்.

கடலூரில் மாஜி ராணுவத்தினர் கூடுகிற கூட்டம் வந்தது. கல்யாண மண்டபத்தில், வழக்கம்போல் பென்ஷன், கேன்டீன், ஆஸ்பத்திரி கார்டு. கடைசியில் யாராவது பேச விரும்புகிறீர்களா என்றார்கள். எழுந்து போனேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு, நான் மூன்று மாதம் மனநோய்ப் பிரிவில் இருந்தவன் என்றேன். உன் பேரைச் சொன்னேன். துப்பாக்கியைத் துடைத்துத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனதைச் சொன்னேன். எட்டுத் தட்டைச் சொன்னேன். பின்வரிசையில் ஒருத்தன், "பைத்தியமா இருந்தியா மாமா?" என்று சிரித்தான். ஆமாம்டா என்றேன். அதற்குமேல் அவன் சிரிக்கவில்லை.

சாப்பாடு முடிந்து கை கழுவுகிற இடத்தில் அந்தப் பெரிய மீசை சுபேதார் ஐயா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நமக்கெல்லாம் அவரைக் கண்டாலே பயமாயிற்றே. "எத்தன மாசம்னு சொன்ன?" என்றார். மூன்று என்றேன். "எனக்கு ராஜஸ்தான் மணல்ல. ஆஸ்பத்திரிக்கே போவல. பொண்டாட்டி செத்துப் போயிட்டா, அவளுக்கே தெரியாது" என்றார். கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். குழாயை மூடவே இல்லை. நான் கூடவே நின்றேன்.

அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்த பண்ருட்டிக்காரர் ஒருவர், அடுத்த வாரம் தன் மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்தார். அவள் புருஷன் வடகிழக்கில் எங்கோ காட்டு மலையில், ரோடே இல்லாத ஒரு போஸ்டில் இருக்கிறான். பேர் வேண்டாம். ஒரு குழந்தை இருக்கிறது. "ஃபோன் பண்ணா 'ம்'ங்கிறாரு சார். கொழந்த பேசுனாலும் 'ம்'. வேற வார்த்தையே இல்ல" என்று சொன்னாள். இதைச் சொல்ல அவள் வெட்கப்பட்டாள். புருஷன் பேசவில்லை என்பது தன்னுடைய குறை மாதிரி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

நானே அவனைக் கூப்பிட்டேன். நாலு நாள் முயற்சி பண்ணி லைன் கிடைத்தது. நான் யார் என்று சொன்னேன். நல்லாத்தான் இருக்கேன் அண்ணே என்றான். சரி தம்பி என்று வைத்துவிடத்தான் கை போனது. வைக்கவில்லை. என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிட்டு, மறுபடி கேட்டேன். இந்தத் தடவை அவன் அழுதான். அழுதுவிட்டு அவன் சொன்னதும், நான் உன்னிடம் சொன்ன அதே மாதிரி ஒன்றுதான். சொல்லிவிட்டு, "யாருகிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே. என் சர்வீஸே போயிடும்" என்றான்.

அப்போதுதான் மச்சான், அன்றைக்கு நீ தலையை ஆட்டிவிட்டு எப்படி நின்றிருப்பாய் என்று எனக்குத் தெரிந்தது. பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கிறது அது தெரிய. ஒருத்தன் நம்பிச் சொல்லியிருக்கிறான். அதை உடைக்கப் போகிறோம். அவன் நம்மை மன்னிக்காமல் போகலாம். உனக்கு எவ்வளவு பயமாக இருந்திருக்கும்? துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பனியில் கேப்டன் இடம்வரைக்கும் நடந்தாயே, வழியில் ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தாயா?

நீயே போய் டாக்டரிடம் சொல்லு தம்பி, இன்றைக்குள் சொல்லு, இல்லையென்றால் நான் சொல்வேன் என்று அவனிடம் நேராகவே சொன்னேன். உன்னை மாதிரி எனக்குச் சாமர்த்தியம் போதாது. அவன் போகவில்லை. குடும்பங்களுக்கென்று யூனிட்டில் கொடுத்திருந்த நம்பருக்கு அவன் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் பேசினேன். அன்று சாயங்காலமே அவனைத் தனியாக விடாமல் ஆள் போட்டார்கள். இரண்டு நாளில் கீழே கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

இப்போது தேறி வருகிறான். குழந்தையோடு பத்து நிமிஷம் பேசினான், பூனைக்குட்டி வாங்கித் தருவதாகச் சொன்னான் என்று அவன் மனைவி சொன்னாள். அவன் மாமனார் ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்தார். நான் கூப்பிட்டால் மட்டும் அவன் எடுப்பதில்லை. என்னால்தான் எல்லாம் போச்சு என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறான். அவள் அதை என்னிடம் சொல்ல எவ்வளவு தயங்கினாள், பாவம். எனக்கு வலித்தது. வலிக்கவில்லை என்றால் பொய். உன்னிடம் பொய் எதற்கு? ஆறு வருஷம் நீ இதைச் சுமந்துகொண்டா கேன்டீன் வரிசையில் எனக்குக் கையைத் தூக்கினாய்?

உன் வீட்டைப் பற்றிக் கவலைப்படாதே. இப்போது வெள்ளிக்கிழமை பரீதாவிடம், பிள்ளைகளிடம், ஒவ்வொருவரிடமும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறேன். நல்லா இருக்கேன் என்று சொன்னால் போதாது, இன்னொரு தடவை கேட்கிறேன். யூசுப்புக்கு எரிச்சல் வருகிறது. "மாமா, நெஜமாவே நல்லாத்தான் இருக்கேன், டிரெயினு போவுது" என்கிறான். போகட்டும், அடுத்த டிரெயின் இருக்கிறது.

அந்தப் பண்ருட்டிக்காரரின் மருமகன் அடுத்த மாதம் மெடிக்கல் லீவில் வருகிறான். விழுப்புரத்தில் இறங்குகிறான். அவன் மனைவியோடும் குழந்தையோடும் நானும் சுமதியும் ஸ்டேஷனுக்குப் போகிறோம். என்னைப் பார்த்து அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். ஒரு வார்த்தை பேசாமல் ஆட்டோ ஏறிப் போய்விடலாம். போகட்டும் மச்சான். அவன் குழந்தையைத் தூக்குவதை ஓரமாக நின்று பார்த்துவிட்டு வருவேன். அடுத்த லீவுக்கும் போவேன். அதற்கடுத்த லீவுக்கும் போவேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு. தலையை மட்டும் ஆட்டவில்லை, வாய்விட்டே சொல்கிறேன்.

என்றும் உன் தங்கச்சி புருஷன்,
உன் மச்சான்
ராஜவேல்
சிதம்பரம்